'கூலிக்குப் பிறந்தவனே': 1946 கடற்படைக் கலகமும் கப்பலில் துடைப்பம் பிடித்தவர்களும்

செஞ்சியில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவன் கைபேசியை எங்களிடம் நீட்டினான். அதில் இருந்தது இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய கடற்படை ஆள்சேர்ப்பு அறிவிக்கை. அக்னிவீர் திட்டம், எம்.ஆர். பிரிவு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். கீழே மூன்று வேலைகள்: செஃப், ஸ்டூவர்டு, ஹைஜீனிஸ்ட்.

"செஃப்னா சமையல், தெரியும். ஸ்டூவர்டுன்னா பரிமாறுறது. ஹைஜீனிஸ்ட்னா என்னாக்கா? ஆஸ்பத்திரி வேலையா?"

எங்களில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. பதில் அறிவிக்கையிலேயே இருந்தது. கழிவறைகளையும் மற்ற இடங்களையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். தம்பி அதைப் படித்துவிட்டு, "ஓ, இதுதானா" என்று கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவன் அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். அவனுக்கு அந்த வேலையை விளக்கத் தேவையில்லை. பெயர் மட்டும்தான் புரியவில்லை.

அன்று படிக்க வைத்திருந்ததை மூடிவைத்துவிட்டு 1946 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த கடற்படைக் கலகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் சுற்றித்தான் அங்கே போக வேண்டியிருக்கிறது. செஞ்சிக்காரர்களுக்குக் கடல் தூரம். திண்டிவனம் தாண்டி மரக்காணம் போனால்தான் அலையைப் பார்க்க முடியும்.

முதலில் எங்கள் ஊர் மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி என்று சுற்றுலா வருபவர்கள் ஏறும் மலைகளை எல்லோருக்கும் தெரியும். ராணிக்கோட்டை என்று ஒன்றுக்குப் பெயர், ராஜா தேசிங்கு கதை இன்னொன்றுக்கு. இவற்றோடு சேர்ந்து சின்னதாக ஒரு குன்றும் இருக்கிறது. அதையும் அரண் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். பழைய நூல்களில் அதன் பெயர் சக்கிலி துர்கம். வடக்கத்திக்காரர்கள் சமார் டிக்ரி என்றார்கள். படைக்குத் தோல் வேலை செய்தவர்கள் அங்கே குடியிருந்திருக்கலாம் என்று எழுதுகிறார்கள். குதிரைக்குச் சேணமும் வாளுக்கு உறையும் தண்ணீருக்குத் தோல்பையும் இல்லாமல் எந்த ராஜா போருக்குப் போனான்? அந்தக் குன்றுக்கு வழிகாட்டி யாரையும் கூட்டிப்போவதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது அதில் செஞ்சியும் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து அது ஒன்றுதான். அதே பட்டியலில் சிந்துதுர்க், விஜயதுர்க், சுவர்ணதுர்க் போன்ற கடற்கோட்டைகளும் இருக்கின்றன. ஊரில் பட்டாசு வெடித்தார்கள். சக்கிலி துர்கத்தைப் பற்றி அன்றைக்கும் யாரும் பேசவில்லை.

இனி ஒரு சொல். தொப்பாசி. ஆங்கிலேயர் இதை 'டோபாஸ்' என்று எழுதினார்கள். 'தொப்பி'யிலிருந்து வந்தது என்பார்கள் சிலர், 'துபாஷி'யிலிருந்து என்பார்கள் வேறு சிலர். பதினெட்டாம் நூற்றாண்டில் இது போர்த்துக்கீசிய வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட, தொப்பி போட்ட, கறுத்த நிறக் கிறிஸ்தவச் சிப்பாய்களைக் குறித்தது. கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் இரு தரப்புப் படைகளிலும் அவர்கள் இருந்தார்கள். செஞ்சி 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இங்கே காய்ச்சல் கொடூரம். அந்தப் பத்து வருடத்தில் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்கள் இங்கே செத்ததாக அக்கால வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதியிருக்கிறார். கறுத்த சிப்பாய்களின் கணக்கை அவர் அப்படிச் சொல்லவில்லை.

பிறகு இந்தச் சொல் கப்பலேறியது. ஏறியபோது சிப்பாய் என்ற பொருளை இழந்தது. நீராவிக் கப்பல் காலத்தில் 'டோபாஸ்' என்றால் கப்பலில் கழிவறை கழுவுகிறவர், தளம் பெருக்குகிறவர். பி அண்ட் ஓ கம்பெனிக் கப்பல்களில் லஸ்கர்கள் என்ற இந்திய மாலுமிகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். அவர்களிலும் கடைசிப் படியில் இருந்தவர் டோபாஸ். அந்த வேலையை மற்ற லஸ்கர்கள் தொடமாட்டார்கள். துப்புரவுச் சாதிகளிலிருந்தே ஆள் எடுத்தார்கள். நடுக்கடலிலும் சேரி வேறு, ஊர் வேறு.

நம் முன்னோர் ஏறிய கப்பல்களிலும் இந்தச் சொல் இருந்தது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களில் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் நிறைய. செஞ்சி அப்போது தென் ஆற்காட்டில் இருந்தது. 1860 நவம்பர் 16இல் டர்பனில் போய் நின்ற 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல். இப்படிக் கூலிகளை ஏற்றிப்போன கப்பல்களில், ஏறியவர்களிலிருந்தே சிலரைப் பொறுக்கியெடுத்து டோபாஸ் என்று பெயர் வைத்துக் கழிவறை கழுவ வைத்தார்கள். யாரைப் பொறுக்கியிருப்பார்கள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. 'கூலி' என்ற தமிழ்ச் சொல் உலகம் முழுக்க வசைச் சொல்லானது இந்தக் கப்பல்கள் வழியாகத்தான்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு பம்பாய்க்கு வாருங்கள்.

எச்.எம்.ஐ.எஸ். தல்வார். பெயரில் கப்பல், உண்மையில் கொலாபாவில் கரையில் இருந்த சமிக்ஞைப் பயிற்சிப் பள்ளி. கம்பியில்லாத் தந்தி, செய்திக் குறியீடு படித்த இளைஞர்கள் அங்கே இருந்தார்கள். பெரும்பாலும் பள்ளி இறுதி முடித்தவர்கள், இருபது வயதை ஒட்டியவர்கள். போர் தொடங்கிய 1939இல் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ராயல் இந்தியக் கடற்படை, போர் முடியும்போது இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டியிருந்தது. முன்பு கொங்கண், பஞ்சாப் முஸ்லிம்களையே அதிகம் எடுத்தவர்கள், போர் நெருக்கடியில் வங்காளம், சென்னை மாகாணம் என்று எங்கும் ஆள் தேடினார்கள். தரைப்படையில் சாதிவாரியாக, மதவாரியாகக் கம்பெனி பிரித்திருந்தார்கள். கடற்படையில் அது இல்லை. ஒரே கப்பலில் எல்லோரும் கலந்து இருந்தார்கள். வெள்ளைக்காரன் பிற்பாடு பயந்ததற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம்.

சேரும்போது நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு, போர் முடிந்ததும் வேலை என்றார்கள். கிடைத்தது வேறு. பருப்பில் கல், ரொட்டியில் மண். ஒரே கப்பலில் ஒரே வேலை செய்யும் பிரிட்டிஷ் மாலுமிக்குப் பல மடங்கு சம்பளம், தனி உணவு. இந்திய மாலுமி வெளியேறும்போது, வருடக்கணக்காகப் போட்டுப் பழசான சீருடையைக்கூடத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்க அற்பமாக இருக்கிறதா? பின்னால் எழுதிய கோரிக்கைப் பட்டியலில் துணி விஷயம் தனியாக ஒரு கோரிக்கையாக இடம்பெற்றது. உடுத்த மாற்றுத்துணி இல்லாத வீட்டிலிருந்து வந்தவனுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

போரும் முடிந்துவிட்டது. பர்மாக் கரையில் குண்டுமழையில் படகு ஓட்டியவர்கள் இப்போது பாரக்கில் உட்கார்ந்து, என்றைக்கு வீட்டுக்கு அனுப்புவார்கள், அனுப்பினால் என்ன வேலை என்று காத்திருந்தார்கள். செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தினர் மீது விசாரணை நடந்துகொண்டிருந்த நேரம் அது. பலாய் சந்த் தத் என்ற வங்காளத் தந்தியாளரும் நண்பர்களும் இரவில் சுவரில் 'வெள்ளையனே வெளியேறு' என்று எழுதினார்கள். 1946 பிப்ரவரி 2இல் தளபதி ஆக்கின்லெக் வருகையின்போது தத் பிடிபட்டார்.

பிப்ரவரி 8ஆம் தேதி தல்வாரின் தலைமை அதிகாரி கமாண்டர் கிங், பாரக்குக்குள் வந்து மாலுமிகளைக் கெட்ட வார்த்தைகளால் திட்டினார். நாய்க்குப் பிறந்தவர்களே, காட்டுமிராண்டிகளே, கூலிக்குப் பிறந்தவர்களே.

பதினான்கு பேர் புகார் எழுதினார்கள், ஒவ்வொருவரும் தனித்தனியாக. சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் கடற்படைச் சட்டப்படி அது கலகம். நமக்கு இது புதிதா? ஊரில் தனியாகப் போய்க் கேட்டால் 'நீ யாருடா', நான்கு பேர் சேர்ந்து போனால் 'கும்பல் கூடினார்கள்' என்று வழக்கு. புகார் கொடுத்தவர்களையே யோசித்துக்கொள்ளச் சொல்லி மிரட்டினார் கிங். 17ஆம் தேதி சாப்பாடு சரியில்லை என்று முறையிட்டபோது, பிச்சை எடுப்பவன் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்க முடியாது என்ற தொனியில் பதில் வந்தது. மறுநாள் 18ஆம் தேதி தல்வாரில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தட்டைத் தொடவில்லை. சோறு இல்லையேல் வேலை இல்லை.

அதன் பிறகு நடந்த வேகத்தைப் பள்ளிப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடும். 19ஆம் தேதி மத்திய வேலைநிறுத்தக் குழு அமைந்தது. எம்.எஸ். கான் தலைவர், மதன் சிங் துணைத் தலைவர். ஒரு முஸ்லிம், ஒரு சீக்கியர். நாடு பிளக்க ஒன்றரை வருடம் இருந்த நேரம் அது. காங்கிரஸ் கொடி, லீக் கொடி, செங்கொடி மூன்றும் கப்பல்களில் ஏறின. 78 கப்பல், 20 கரைத்தளம், ஏறத்தாழ 20,000 மாலுமிகள். சென்னையில் எச்.எம்.ஐ.எஸ். அடையாறு, விசாகப்பட்டினத்தில் சர்க்கார்ஸ், கராச்சியில் ஹிந்துஸ்தான். கோரிக்கைகளையும் பாருங்கள். நல்ல உணவு, சம சம்பளம், கிங் மீது நடவடிக்கை, வேலையோடு கூடிய விடுவிப்பு, இந்திய தேசிய ராணுவக் கைதிகளும் அரசியல் கைதிகளும் விடுதலை. கூடவே இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். சோற்றுக்காக நின்ற இருபது வயதுப் பையன்கள், அடுத்தவன் நாட்டை அடக்க எங்களை அனுப்பாதே என்றும் சொன்னார்கள். இந்த இடம் வரும்போது எங்களுக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும்.

21ஆம் தேதி காஸில் பாரக்கில் துப்பாக்கிச் சண்டை. அட்மிரல் காட்ஃப்ரே வானொலியில் வந்து, கடற்படையே அழிந்தாலும் பரவாயில்லை, அடக்கியே தீருவோம் என்று மிரட்டினார். கப்பல்களில் உணவு தீர்ந்துபோனதும் பம்பாய் மக்கள் இந்தியாவின் நுழைவாயில் பக்கம் பழம், ரொட்டி, பால் என்று கொண்டுவந்து குவித்தார்கள். காவலுக்கு நின்ற இந்தியச் சிப்பாய்கள் தடுக்காமல் நின்றார்கள். சாப்பாட்டில் தொடங்கிய கலகத்துக்கு ஊரே சாப்பாடு போட்டது.

வாசிப்பு வட்டத்தில் இந்த இடத்தில்தான் ஒரு தங்கை குறுக்கிட்டாள். "கூலிக்குப் பிறந்தவன்னு சொன்னா ஏங்க்கா அவங்களுக்கு அவ்ளோ கோவம்? நாமெல்லாம் கூலிக்குப் பிறந்தவங்கதான?"

அவள் கேட்டது சரிதான். கிங்கின் வாயிலிருந்து வந்தது நிறவெறி, அதில் சந்தேகமே வேண்டாம். அதை எதிர்த்து நின்றவர்களுக்கு எங்கள் வணக்கம் எப்போதும் உண்டு. ஆனால் அந்த வசவு ஏன் அவ்வளவு ஆழமாகக் குத்தியது? படித்த, ஊரில் மதிப்புள்ள வீட்டிலிருந்து வந்த பலருக்கு, தங்களைக் கூலியோடு சேர்த்துச் சொன்னதே இழிவாகப் பட்டிருக்கும். அதே பாரக்கில், அதே கப்பலில், அவர்களுடைய கழிவறையைக் கழுவ ஒருவர் இருந்தார். அவரும் சீருடை போட்டவர், அவரும் கடற்படைப் பதிவேட்டில் உள்ளவர். பதவியின் பெயர் டோபாஸ். அவரைப் பெற்றவர்கள் உண்மையிலேயே கூலிகள். புத்தகங்களில் வரும் கோரிக்கைப் பட்டியலில் அவருக்கென்று ஒரு வரி இல்லை. உணவும் சம்பளமும் உயர்ந்தால் அவருக்கும் சேர்த்துத்தான் உயரும் என்று சொல்லலாம். ஆனால் துடைப்பம் ஏன் ஒரே சாதியின் கையில் இருக்கிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இது கடற்படைக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம். அதே பம்பாயில் 1928இல் பெரிய ஆலை வேலைநிறுத்தம் நடந்தது. நெசவுப் பிரிவில் கூலி அதிகம், ஆனால் தீண்டப்படாதவர்களை அங்கே விடமாட்டார்கள். நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி மாட்ட வேண்டும், எச்சில் தீட்டு என்று சக தொழிலாளர்களே தடுத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களிடம் அம்பேத்கர் இதைத்தான் முன்வைத்தார்: உங்கள் கோரிக்கைகளில் எங்கள் ஆட்களுக்கு நெசவுப் பிரிவைத் திறக்கும் கோரிக்கையையும் சேருங்கள். முதலாளியை எதிர்க்கும்போது ஒன்றாக நிற்பவர்கள், தறிக்கு முன்னால் இரண்டாக நின்றார்கள்.

பிப்ரவரி 22இல் அந்த ஆலைத் தொழிலாளர்கள்தான் மாலுமிகளுக்காகத் தெருவில் இறங்கினார்கள். பரேல், லால்பாக் தெருக்களில் ராணுவம் சுட்டது. பரேலில் கமல் தோண்டே என்ற கம்யூனிஸ்ட் பெண் தோழர் குண்டடி பட்டு இறந்தார். அரசுக் கணக்கே இருநூறுக்கும் மேற்பட்ட சாவுகளைச் சொல்கிறது. பரேல் என்றால் அம்பேத்கர் வருடக்கணக்காகக் குடியிருந்த பகுதி. அங்கும் சுற்றியும் இருந்த சால் குடியிருப்புகளில் தலித் ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்திருந்தார்கள். செத்தவர்களில் எத்தனை பேர் நெசவுப் பிரிவுக்குள் நுழைய முடியாதவர்கள் என்று யாராவது எழுதிவைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தலைவர்கள் என்ன செய்தார்கள்? அருணா ஆசஃப் அலியும் கம்யூனிஸ்டுகளும் மாலுமிகள் பக்கம் நின்றார்கள். காந்தி கண்டித்தார். படேல் சரணடையச் சொன்னார், பழிவாங்கல் இருக்காது என்ற உறுதியோடு. ஜின்னாவும் அதையே சொன்னார். 23ஆம் தேதி காலை, பிரிட்டனிடம் அல்ல, இந்தியாவிடம் சரணடைகிறோம் என்று சொல்லி மாலுமிகள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். உறுதி காற்றில் போனது. பலரை முலுண்ட் முகாமில் அடைத்தார்கள். 476 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். விடுதலைக்குப் பிறகு இந்தியாவும் திரும்ப எடுக்கவில்லை, பாகிஸ்தானும் எடுக்கவில்லை. சுதந்திரப் போராட்ட ஓய்வூதியம் கிடைக்கவே பல பத்தாண்டுகள் ஆயின. பம்பாயில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது 2001இல்.

நீதிபதி ஃபசல் அலி தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். நூற்றுக்கணக்கான சாட்சிகள், தடித்த அறிக்கை. உணவு, சம்பளம், நிறப் பாகுபாடு எல்லாம் பதிவானது. மாலுமிகளின் வாழ்க்கையை இன்றைக்கு நாம் இவ்வளவு விவரமாகச் சொல்ல முடிவதற்கு அவர்கள் எழுந்து நின்றதுதான் காரணம். சும்மா இருந்திருந்தால் பருப்பிலிருந்த கல்லை யார் எழுதியிருப்பார்கள்?

டோபாஸ் கதை அங்கே முடியவில்லை. 'ஹிஸ் மெஜஸ்டி' போய் 'இந்திய' வந்தது, கொடி மாறியது, கப்பல்களின் பெயர் முன்னொட்டு மாறியது. டோபாஸ் என்ற பதவிப்பெயர் விடுதலை பெற்ற நாட்டின் கடற்படையிலும் பல பத்தாண்டுகள் இருந்தது. பிறகு சானிட்டரி ஹைஜீனிஸ்ட் என்றார்கள், அப்புறம் வெறும் ஹைஜீனிஸ்ட். பெயர் மாற்றம் வேண்டாம் என்று சொல்லமாட்டோம். 'பறையன்', 'சக்கிலி' என்று அழைக்கப்பட்டவர்களுக்குப் பெயரின் வலி தெரியும். இன்றைக்கு அந்த வேலைக்குச் சாதி பார்த்து எடுப்பதில்லை, யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், அதுவும் உண்மைதான்.

ஆனால் யார் விண்ணப்பிக்கிறார்கள்? அக்னிவீரில் எஸ்.எஸ்.ஆர். என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. ரேடார், ஆயுதம், தொலைத்தொடர்பு, எந்திரம் எல்லாம் அதில்தான். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். நம் தம்பி படித்தது தொழிற்கல்விப் பிரிவு. பத்தாம் வகுப்பில் அவன் கணக்கில் நல்ல மதிப்பெண். பள்ளியில் முதல் குரூப் கேட்டபோது, "உனக்கு எதுக்குடா அதெல்லாம், கஷ்டப்படுவ" என்று ஓர் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். திட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னாராம். அப்பாவுக்குப் பள்ளிக்குப் போய் வாதாட நேரமில்லை, ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். கமாண்டர் கிங் சத்தம் போட்டுச் சொன்னதை இங்கே மெதுவாகச் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் அவனிடம் சொன்னோம். அக்னிவீர் என்பது நான்கு வருடம். அதன் பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் தொடர முடியும். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, மொத்தமாக ஒரு தொகை மட்டும். 1946இல் தல்வாரில் உட்கார்ந்து, 'அனுப்பினால் என்ன வேலை?' என்று கேட்டவர்களின் கேள்வி அப்படியே இருக்கிறது.

போகாதே என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? சேரியிலிருந்து சீருடைக்குப் போவது நம் சமூகத்துக்குச் சின்ன விஷயம் அல்ல. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் ராணுவச் சுபேதார். அந்தச் சம்பளமும் பட்டாளத்துப் படிப்பும் இல்லாமல் பீம் என்ற பையன் பள்ளிக்கூடத்தில் காலை வைத்திருப்பது கடினம். வெள்ளைக்காரன் மகர்களைப் 'போர்க்குணம் இல்லாத சாதி' என்று சொல்லிப் படையிலிருந்து ஒதுக்கியபோது, திரும்பச் சேர்க்கச் சொல்லி மனுமேல் மனுப் போட்டார்கள். 1941இல்தான் மகர் ரெஜிமென்ட் வந்தது. நுழையவும் போராட வேண்டியிருந்தது. நுழைந்தபின் எந்தப் படியில் நிற்பது என்பதற்கும் போராட வேண்டியிருக்கிறது.

தம்பி இப்போது தனித்தேர்வராகக் கணக்கும் இயற்பியலும் எழுத முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். காலையில் கோட்டைச் சாலையில் ஓடுகிறான். அவனுக்குப் பின்னால் இரண்டு பொடியன்களும் ஓடுகிறார்கள், இருவரும் பத்தாம் வகுப்பு. அவர்களுக்காகவும், ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்பில் சேரப் போகிற மற்றவர்களுக்காகவும் ஞாயிறு வாசிப்பு வட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம் கணக்கு வகுப்பு தொடங்கியிருக்கிறோம். கல்லூரியில் இயற்பியல் படிக்கும் தோழர்கள் யாராவது மாதம் இரண்டு ஞாயிறு செஞ்சிக்கு வர முடிந்தால் சொல்லுங்கள். சேர்க்கையன்று பள்ளிக்கு அப்பாக்களால் வர முடியாவிட்டால் நாங்கள் கூடப் போகிறோம்.